அரைச் சாண் இடைவெளி: குட்டை ஓவல் சிமுலேட்டர் லீக்கில் ஒரு தகராறு

2023 வசந்தத்தில் தொடங்கிய ஒரு சீசனில், ஓட்டுநர் ஒருவர் மீது தொடர்ந்து வந்த புகார்களை இணையத்தில் சிமுலேட்டர் கார்ப் பந்தயம் நடத்தும் எங்கள் லீக் எப்படிக் கையாண்டது என்பதன் பதிவு இது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். முதல் பாதியில் நாங்கள் தவறாகத் தீர்ப்பளித்தோம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன். யாருடைய பெயரும் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து ஓட்டியவரைப் பெர்த்காரர் என்றும், வர்ஜீனியாவில் முன்பு லேட் மாடல் என்ற வகை நிஜப் பந்தயக் கார்களை ஓட்டி ஓய்ந்த மனிதரைப் பெரியவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

2020 மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்கள் நின்றுபோனபோது, நிஜ ஓட்டுநர்களே வீட்டில் உட்கார்ந்து ஐரேசிங் சிமுலேட்டரில் ஓட்டிய பந்தயங்கள் தொலைக்காட்சியில் வந்தன. முதலாவது மார்ச் 22 அன்று, ஹோம்ஸ்டெட் மியாமி தடத்தின் மெய்நிகர் வடிவில் நடந்தது. டென்னி ஹாம்லின் ஜெயித்தார். அதைப் பார்த்து ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கியவர்கள் ஏராளம். எங்கள் லீக்கும் அந்தக் கோடையில் உருவானதுதான். வழக்கமாக ஓட்டுபவர்கள் 24 பேர், பெரும்பாலும் கரோலினா, வர்ஜீனியா, டென்னசி பக்கத்து ஆட்கள். செவ்வாய் இரவு 9 மணிக்குப் பந்தயம்.

ஒரு மைலுக்குக் குறைவான ஓவல்களில், அதாவது நீள்வட்டத் தடங்களில் மட்டும் ஓட்டுவது எங்கள் வழக்கம். சவுத் பாஸ்டன் 0.4 மைல், லாங்லி 0.395, மார்டின்ஸ்வில் 0.526, நார்த் வில்க்ஸ்போரோ 0.625. கடைசியாகச் சொன்ன தடம் 1996-க்குப் பிறகு பெரும்பாலும் பாழடைந்து கிடந்தது. 2019 டிசம்பரில் பிரபல நாஸ்கார் ஓட்டுநராக இருந்த டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் முன்னின்று புல்பூண்டுகளை அகற்றி, சிமுலேட்டருக்காக லேசர் ஸ்கேன் எடுக்க வைத்தார். 2023 மே மாதம் ஆல் ஸ்டார் பந்தயத்தோடு நாஸ்கார் நிஜமாகவே அங்கே திரும்பியது. முதலில் கணினியில் உயிர்பெற்று அப்புறம் மண்ணில் உயிர்பெற்ற தடம் என்பதால் எங்களுக்கு அதன் மேல் தனிப் பாசம்.

ஆனால் இந்த விவகாரம் முளைத்தது மார்டின்ஸ்வில்லில். பேப்பர் கிளிப் மாதிரி இருக்கும் தடம்: நீண்ட இரண்டு நேர்ப்பாதைகள், 12 டிகிரி மட்டுமே சாய்ந்த இறுக்கமான இரண்டு வளைவுகள். நேர்ப்பாதை தார், வளைவு கான்கிரீட். லேட் மாடலில் ஒரு சுற்றுக்குச் சுமார் 20 விநாடி ஆகும். அந்த 20 விநாடியில் இரண்டு முறை பலமாகப் பிரேக் மிதிக்க வேண்டும். 100 சுற்றுப் பந்தயமென்றால், 24 பேர் ஒருவர் பின்பம்பரில் ஒருவர் மூக்கை வைத்தபடி 200 முறை பிரேக் மிதிக்கிறார்கள்.

எங்கள் விதிப்புத்தகத்தில் சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓடினால் தகுதிநீக்கம் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி உண்டு. 2022 அக்டோபர் 30 அன்று இதே மார்டின்ஸ்வில்லில், கடைசிச் சுற்றில் நாஸ்கார் ஓட்டுநர் ராஸ் சாஸ்டெய்ன் காரைச் சுவரோடு ஒட்டி, வேகத்தைக் குறைக்காமல் வளைவைக் கடந்து ஐந்து பேரை முந்தினார். சிறுவயதில் கேம்கியூபில் ஆடிய நாஸ்கார் விளையாட்டில் கற்ற வித்தை என்று அவரே சொன்னார். அடுத்த சீசனுக்கு முன் நாஸ்கார் அதைத் தடுத்தது, நாங்களும் தடுத்தோம். எப்போதோ ஒருமுறை நடக்கக்கூடிய அந்தக் கூத்துக்கு விதி வைத்திருந்த நாங்கள், வாராவாரம் நடக்கப்போகிற ஒன்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

முதல் மூன்று பந்தயங்கள்

பெர்த்காரர் அந்த சீசனில்தான் சேர்ந்தார். இரவு வேலை முடித்து வீடு திரும்பி, புதன் காலை 9 மணிக்கு ஓட்ட உட்காருவார். அது எங்களுக்குச் செவ்வாய் இரவு 9. வேகமான ஆள், தகுதிச் சுற்றில் எப்போதும் முதல் எட்டு இடங்களுக்குள் வருவார். சர்வர் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருந்ததால் அவருடைய பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 250 மில்லி விநாடியை ஒட்டியே நின்றது. மற்றவர்களுக்கு 20 முதல் 40.

தொடக்கப் பந்தயம் மார்டின்ஸ்வில். 31-வது சுற்றில் மூன்றாம் வளைவுக்குள் நுழையும்போது பெரியவரின் கார் பின்னாலிருந்து தட்டுப்பட்டுச் சுழன்றது, மஞ்சள் கொடி விழுந்து பந்தயம் மெதுவானது. பெரியவர் அனுப்பிய ரீபிளேயில் பெர்த்காரரின் மூக்கு அவருடைய பம்பரைத் தெளிவாக இடிக்கிறது. பெர்த்காரரோ தனக்கும் முன்காருக்கும் இடையில் இடம் இருந்தது, தான் தொடவே இல்லை என்று எழுதினார். எங்களுக்கு அது வழக்கமான மறுப்பாகத்தான் பட்டது. பத்துப் புள்ளி கழித்தோம்.

லாங்லியிலும் சவுத் பாஸ்டனிலும் இதே கதை. மூன்று பந்தயங்களில் அவர் மீது ஆறு புகார்கள். மூன்றில் தண்டனை கொடுத்தோம், மொத்தம் 30 புள்ளி போனது. குரல் அரட்டையில் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் வந்தாலே விலகிக்கொள் என்று, சுற்றியுள்ள கார்களைப் பார்த்து ஓட்டுநருக்குச் சொல்லும் ஸ்பாட்டர்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

முதல் தீர்ப்பு

மூன்றாம் பந்தயத்துக்குப் பிறகு நடுவர்கள் கூடிப் பேசினோம். அவரை நீக்கச் சொல்லி ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். கட்டணம் கட்டிச் சேர்ந்தவரை, அவர் வசிக்கும் ஊரைக் காரணம் காட்டி அனுப்புவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. நடுவழியாக ஒன்று தோன்றியது. தகுதிச் சுற்றில் எந்த இடம் பிடித்தாலும் அவர் கடைசி வரிசையில் தொடங்கட்டும். கூட்டத்தில் கலக்காமல் இருந்தால் மோதல் குறையும் என்பது எங்கள் கணக்கு.

கணக்கு தப்பியது. முதல் எட்டுக்குள் ஓடக்கூடிய வேகமுள்ளவரைக் கடைசியில் நிறுத்தினால், அவர் முன்னேற பதினைந்து பேரைத் தாண்ட வேண்டும். அதுவும் பின்பாதியில் ஓடும், பிரேக் புள்ளி சுற்றுக்குச் சுற்று மாறுகிற புதியவர்கள். நான்காவது, ஐந்தாவது பந்தயங்களில் மேலும் மூன்று புகார்கள். ஐந்தாவதில் ஏழு கார்கள் சிக்கிய ஒரு குவியல் விபத்து வேறு. அந்த இரவு பெர்த்காரர் நீளமாக எதுவும் எழுதவில்லை. தன் கணினியில் பதிவான ஒன்பது ரீபிளேக் கோப்புகளையும் அனுப்பி, இவற்றையும் பார்க்க முடியுமா என்று ஒரே வரி கேட்டிருந்தார். அதுவரை நாங்கள் அவரிடம் ரீபிளே கேட்டதே இல்லை. புகார் கொடுத்தவர் அனுப்புவதை மட்டும் பார்ப்பது எங்கள் பழக்கம்.

இரண்டு ரீபிளே

முதல் மார்டின்ஸ்வில் சம்பவத்தின் இரண்டு கோப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டோம். பெரியவரின் கோப்பில் மோதல் இருக்கிறது. பெர்த்காரரின் கோப்பில், அதே சுற்றில், அதே நொடியில், இரண்டு கார்களுக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரிகிறது. பெரியவரின் கார் யாரும் தொடாமல் தானாகத் துள்ளிச் சுழல்கிறது. யாரும் கோப்பைத் திருத்தவில்லை. இரண்டும் உண்மையான பதிவுகள்.

இதற்குக் காரணம் எந்த ஒரு மென்பொருளின் குறையும் அல்ல. இணையத்தில் ஓடும் கார்ப் பந்தய விளையாட்டுகள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. உங்கள் கார் எங்கே இருக்கிறது என்பது உங்கள் கணினிக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். மற்ற கார்கள் எல்லாம், கடைசியாக வந்த தகவலை வைத்து ‘இந்நேரம் இங்கே இருக்கும்’ என்று அது போடும் கணிப்பு. ரீபிளேயில் சேமிக்கப்படுவதும் அந்தக் கணிப்புத்தான். நாங்கள் மூன்று பந்தயங்களாக ஒருவருடைய கணினியின் ஊகத்தை ஆதாரமாக வைத்து இன்னொருவரைத் தண்டித்திருந்தோம்.

பெர்த் விஷயத்தில் தூரத்தைக் குறைக்க வழியே இல்லை. பெர்த்திலிருந்து பூமியை நேராகத் துளைத்தால் பெர்முடா பக்கத்தில் வெளியே வரலாம். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அவ்வளவு எதிர்ப்புறம். ஏறக்குறைய 18,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் நேர்க்கோட்டில் கிடந்தாலே போய்வர 185 மில்லி விநாடி வேண்டும். (சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் அமெரிக்க சர்வரில் ஓட்டுகிற நம்மவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பாடுதான். இதைத் தமிழில் எழுத அதுவும் ஒரு காரணம்.)

கணக்கு

அவருடைய தகவல் சர்வர் வழியாக இன்னொருவரை எட்ட ஏறக்குறைய 0.15 விநாடி ஆகிறது என்று எடுத்துக்கொண்டோம். நேர்ப்பாதை முடிவில் விநாடிக்கு 50 மீட்டர் வேகம் என்றால், அந்த நேரத்தில் கார் ஏழரை மீட்டர் ஓடிவிடுகிறது. ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். லீக்கில் பலர் இதைச் சொல்லித்தான் அவரை நீக்கக் கேட்டார்கள்: அவர் கார் ஒரு கார் நீளம் தள்ளித் தெரிகிறது, எப்படி ஓட்டுவது?

ஆனால் அது சரியல்ல. சீரான வேகத்தில் ஓடும் காரை எங்கே இருக்கும் என்று கணிப்பது சுலபம். ஏழரை மீட்டரையும் கணினி சரியாகவே நிரப்பிவிடும். வேகம் மாறும் கணத்தில்தான் பிசகு. அவர் பிரேக்கில் காலை வைத்தது மற்றவர்களின் கணினிக்குத் தெரிய 0.15 விநாடி ஆகும். அதுவரை அவர் கார் முழு வேகத்திலேயே ஓடுவதாக அது வரைந்துகொண்டிருக்கும். விநாடிக்கு விநாடி 10 மீட்டர் வேகம் குறையும் அளவுக்குப் பிரேக் என்று வைத்தால், அந்தக் குறுகிய நேரத்தில் சேரும் பிழை சுமார் 11 சென்டிமீட்டர். அரைச் சாண்.

நெடுந்தடத்தில் அரைச் சாணை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மார்டின்ஸ்வில்லில் பம்பருக்கும் பம்பருக்கும் இடையில் இருப்பதே அவ்வளவுதான். தவிர அந்தக் கணத்தில் அவர் கார் நிஜத்தைவிட மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகமாக வருவதாகவும் தெரியும். பிரேக்கில் இருக்கும் காரின் பின்பக்கம் லேசானது. அந்தத் தட்டலே அதைச் சுழற்றப் போதும். பெரியவர் மோதலை உணர்ந்ததும், பெர்த்காரர் இடைவெளியைப் பார்த்ததும் இரண்டும் சரிதான்.

இந்தக் கண்ணோடு ஒன்பது புகார்களையும் இருபக்கக் கோப்புகளுடன் மறுபடி பார்த்தோம். ஐந்து, பிரேக் பகுதியில் நடந்த தாமதத் தட்டல்கள். இரண்டில் பெர்த்காரர்மேல் நிஜமான தவறு: இடமில்லாத உள்வரிசையில் தாமதமாக மூக்கை நுழைத்திருந்தார். மீதி இரண்டில் முதல் தொடுதலே வேறு இருவருக்கிடையில் நடந்திருந்தது. ஏழு கார் குவியல் அந்த இரண்டில் ஒன்று. ரீஸ்டார்ட் ஆன, அதாவது மஞ்சள் கொடிக்குப் பிறகு பந்தயம் மறுபடி தொடங்கிய, மறுசுற்றில் ஆறு பேர் இடைவெளியே விடாமல் வளைவுக்குள் போனார்கள். முன்னால் ஒருவர் கொஞ்சம் சீக்கிரம் பிரேக் பிடிக்க, பின்னால் வந்தவர்கள் வரிசையாக இடித்தார்கள். பெர்த்காரர் ஐந்தாவது ஆளாக வந்து சிக்கினார். பட்டப்பெயர் இருந்ததால் பழி அவர்மேல் விழுந்தது, அவ்வளவுதான்.

சனி இரவுச் சோதனை

கணக்கை மட்டும் நம்பி விதியை மாற்ற வேண்டாம் என்று ஒரு சனி இரவு தனி அறை திறந்தோம். பெர்த்காரர், பெரியவர், நான். பெரியவரை அழைத்தது என் யோசனை. அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பது ஒன்று, தட்டலை உடம்பால் உணர்ந்தவர் அவர் என்பது இன்னொன்று.

இருவரும் மாறி மாறி முன்னும் பின்னும் இருபது சுற்று ஓடினார்கள். அப்புறம் பக்கத்துப் பக்கத்தில். பெரியவர் ஒவ்வொரு தட்டலையும் வாய்விட்டுச் சொல்ல, பெர்த்காரர் தன் திரையில் எவ்வளவு இடைவெளி என்று சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

நாங்கள் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, பக்கவாட்டு ஓட்டத்தில் பெர்த்காரர் உள்வரிசையில் இருந்தால்தான் வளைவு நுழைவில் தொல்லை. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பியது தாமதமாகத் தெரிவதால், பக்கத்தில் இருப்பவரின் திரையில் அவர் கார் ஒரு கணம் நேராகப் போய் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது, வெளிவரிசைக் காரை உரசுகிறது. அவர் வெளிவரிசையில் இருந்தால் அதே பிழை சுவர்ப் பக்கம் போய்விடும், யாரையும் தொடாது.

இரண்டு, பெரியவரின் ஓட்டும் முறை. நிஜ காரில் பழகியவர். இடப்பக்கமே திரும்பும் ஓவலில் முன் வலது டயர்தான் முதலில் தேயும். அதைக் காப்பாற்ற அவர் மற்றவர்களைவிடச் சில மீட்டர் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காரை உருளவிட்டு வளைவுக்குள் கொண்டுபோவார். சிமுலேட்டரில் மட்டும் வளர்ந்தவர்கள் கடைசிவரை போய்ப் பிரேக் மிதிப்பார்கள். அவர் சீக்கிரம் காலை எடுப்பதே பின்னால் வருபவருக்கு எதிர்பாராதது; அதுவும் பெர்த்காரருக்கு 0.15 விநாடி கழித்துத்தான் தெரியும். ஒன்பதில் நான்கு புகார்கள் பெரியவரிடமிருந்து வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதைச் சொன்னபோது ஹெட்செட்டில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, தான் நாற்பது வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், மாற்ற மாட்டேன், ஆனால் அவனிடம் முன்பே சொல்லியிருக்கலாம் என்றார்.

மாற்றிய விதிகள்

ஆறாவது பந்தயத்துக்கு முன் நடைமுறையை மாற்றினோம். எந்தப் புகாரானாலும் இரு தரப்பு ரீபிளேயும் இருந்தால்தான் விசாரணை. 48 மணி நேரத்துக்குள் கோப்பு தராதவர் வாதம் எடுபடாது. பெர்த்காரர் மறுபடி தான் தகுதிபெற்ற இடத்திலிருந்தே தொடங்குவார். பிரேக் பகுதியில் அவரும், அவர் பின்னால் வருபவரும் அரைக் கார் இடைவெளி விட வேண்டும். ரீஸ்டார்ட்டில் அவர் வெளிவரிசையில் நிற்பார். மார்டின்ஸ்வில்லில் வெளிவரிசை என்றால் இரண்டு மூன்று இடங்களை இழக்க நேரும், உள்ளே வரிசை கட்டிப் போகிறவர்கள் வழிவிட மாட்டார்கள். அது தெரிந்தே அவர் சம்மதித்தார்.

மோதல் எண்ணிக்கை வரம்பைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். காரோடு கார் பலமாக மோதினால் சிமுலேட்டர் இருவருடைய மோதல் எண்ணிக்கையிலும் நான்கைக் கூட்டும், யார் தவறு என்று பார்க்காது. எங்கள் வரம்பு 15, தாண்டினால் வெளியே. பெர்த்காரருக்கு மட்டும் வரம்பை உயர்த்த ஒரு நடுவர் சொன்னார். நான் மறுத்தேன். ஒருவருக்கு மட்டும் சலுகை என்றால் பட்டப்பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டும். கடைசியில் எல்லோருக்கும் 20 ஆக்கினோம்.

சர்வரை மேற்குக் கரைக்கு மாற்றலாம் என்ற யோசனையும் வந்தது. பார்க்க நியாயமாக இருந்தாலும் பயனில்லை. பெர்த்துக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையிலான மொத்தப் பாதை ஏறக்குறைய அப்படியே இருக்கும். மற்ற 23 பேருக்கு இடையிலான தாமதம்தான் கூடும். கைவிட்டோம்.

கழித்த 30 புள்ளியில் 20-ஐத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு தண்டனை நியாயமானது, அது நின்றது. கடைசி வரிசையில் தொடங்கி இழந்த இரண்டு பந்தயங்களைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை. முடிவை அறிவித்தபோது தவறு நடுவர்களுடையது என்று எழுதினோம். ஒருவர் இதை ஏற்காமல் லீக்கை விட்டுப் போனார்.

அப்புறம் நடந்தது

கடைசி ஐந்து பந்தயங்களில் பெர்த்காரர் மீது வந்த புகார் இரண்டுதான். ஒன்று தாமதத் தட்டல், தள்ளுபடி. இன்னொன்றில் அவர் தவறு, பத்துப் புள்ளி போனது, வாதாடவில்லை. இரு தரப்பு ரீபிளே விதியின் பக்கவிளைவாக மற்றவர்களுக்கிடையிலான புகார்களும் குறைந்தன. தன் கோப்பையும் கொடுக்க வேண்டும் என்றால் பாதிப் பேர் புகாரையே எழுதுவதில்லை.

அரைக் கார் இடைவெளி விதி மட்டும் அரைகுறையாகவே நடந்தது. கடைசி பத்து சுற்றில் யாரும் அதை மதிக்கவில்லை, நாங்களும் கண்டுகொள்ளவில்லை. நேர்மையாகச் சொன்னால், அதை எப்படி அளப்பது என்று எங்களுக்கே தெரியாது.

மறுபடி செய்தால்

அந்தச் சனி இரவுச் சோதனையை சீசன் தொடங்கும் முன்பே செய்திருப்போம். 150-க்கு மேல் பிங் உள்ள யார் சேர்ந்தாலும் முதல் வாரமே இருவரைக் கூட ஓடவிட்டுப் பார்க்க இப்போது ஏற்பாடு இருக்கிறது. கடைசி வரிசைத் தண்டனையை விதிப்புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டோம். அளக்க முடியாத அரைக் கார் விதியையும் எடுத்துவிட்டு, பிரேக் பகுதியில் யார் எங்கே காலை எடுப்பார்கள் என்பதைப் பயிற்சி நேரத்தில் வாயால் சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை வைத்திருக்கிறோம். பெரியவர் கேட்டது அது.

வெளிவரிசை விதியை நாங்கள் யோசிக்காமல் எழுதியிருந்தோம் என்பது பத்தாவது பந்தயத்தில் தெரிந்தது. மறுபடி மார்டின்ஸ்வில். ஆறு சுற்று மீதி இருக்கையில் மஞ்சள் கொடி விழுந்தபோது முதலிடத்தில் இருந்தவர் பெர்த்காரர். எந்த வரிசையில் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதலிடத்துக்காரருக்கு உண்டு. ஆனால் எங்கள் விதிப்படி அவர் வெளியேதான் நிற்க வேண்டும். நின்றார். உள்ளேயிருந்து இருவர் தாண்டிப் போனார்கள். மூன்றாவதாக முடித்தார், எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு புகார் வந்தது. ரீஸ்டார்ட்டில் முதலிடத்தில் இருப்பவர் வளைவை எட்டும்போது எப்படியும் அரைக் கார் முன்னால் இருப்பார், பக்கத்தில் உரச ஆளே இருக்காது, ஆகவே அவருக்கு வெளிவரிசை விதி பொருந்தக் கூடாது என்று வாதம். இரு தரப்பு ரீபிளேயும் இணைத்திருந்தது. அனுப்பியவர் பெரியவர். அடுத்த சீசனுக்கு விதியை அவர் சொன்னபடி மாற்றினோம்.